தம்பிக்குத் தராத தண்ணீர்

என் தம்பியைக் கொல்லப் பார்த்தவள் நான். அப்போது எனக்கு எட்டு வயது, அவனுக்கு நாலு.

ஸ்ரீரங்கத்து மார்கழிக் குளிரில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் விலாவெல்லாம் உள்வாங்கி மூச்சு இரைத்தது. திருச்சியிலிருந்து குதிரைவண்டியில் வந்த டாக்டர் அவன் முதுகில் தட்டி, குழல் வைத்துக் கேட்டுப் பார்த்தார். "நிமோனியா. நுரையீரல்ல நீர் கோத்திருக்குங்க" என்று சொல்லிப் பென்சிலின் ஊசி போட்டார்.

அம்மாவுக்கு அடுப்படியில் ஆயிரம் வேலை. மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடையில் அவனுக்குத் தீர்த்தம் புகட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. குடிக்கிற தண்ணீர் எங்கள் வீட்டில் எப்போதும் தீர்த்தம்தான். என் மூளை சும்மா இருக்குமா? உள்ளே ஏற்கெனவே நீர் நிறைந்து மூச்சு முட்டுகிறது, அதில் இன்னும் ஊற்றச் சொல்கிறார்களே, இந்தப் பெரியவர்களுக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கிறதா! பாலாடைத் தண்ணீரை யாரும் பார்க்காமல் முற்றத்தில் கொட்டினேன்.

"அக்கா, தீர்த்தம்" என்று அவன் கெஞ்சினான்.

"சமத்தா இருடா கண்ணா, உள்ள இருக்கறது காயட்டும்."

அவன் உதடு வறண்டு வெடித்தது. நீர் வற்றுகிறது என்று சந்தோஷப்பட்டேன், பாவி.

மறுநாள் சாயங்காலம் அவன் நாக்கைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறிவிட்டது. "குழந்தைக்கு யாருங்க தண்ணி குடுக்கிறது?" என்றார். நான் விம்மி விம்மி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அட பைத்தியமே! குடிக்கிற தண்ணி வயித்துக்குல்ல போகுது? நுரையீரல்ல காத்து போய்ட்டு வர்ற குட்டிக் குட்டிப் பைங்க இருக்கு. அதுல சீழும் நீரும் அடைச்சிருக்கு, அதான் திணர்றான். அதை ஊசி பாத்துக்கும். நீ தண்ணியைக் குடு, சளி இளகி வரட்டும்."

அன்று பாலாடை பாலாடையாகக் குடித்தான்.

அதற்கப்புறம் நாலாம் நாள் காலை, வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விட்டது. மூச்சு சீராக வந்தது. கண்ணைத் திறந்து, "பசிக்கறதும்மா" என்றான். அப்பாடா! எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

அதற்குள் அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். சரி, இத்தனை நாள் வராத அடி இப்போது விழப்போகிறது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. அம்மா என் முதுகில் முகத்தை அழுத்தி வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். எனக்கும் நீர் கோத்திருக்கிறதா என்று காது வைத்துக் கேட்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, நான் மூச்சை நன்றாக இழுத்து இழுத்து விட்டுக் காட்டினேன். சட்டை முதுகுப்பக்கம் நனைந்துகொண்டே போனதுதான் ஏனென்று புரியவில்லை.