ஏலத்துக்கு வந்த கோழி

எங்கள் சபையில் அறுவடைப் பண்டிகை என்றால் கூட்டம் ஆராதனைக்கு அல்ல, ஏலத்துக்குத்தான். வாழைக்குலை, பூசணி, மிளகு, கோழி என்று வீட்டில் இருப்பதைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஜெபம் முடிந்ததும் தேவாலய முற்றத்தில் ஏலம் நடக்கும். சந்தையில் சீந்த ஆளில்லாத பூசணிக்காயைக்கூட வீறாப்புக்கு விலை ஏற்றி எடுப்பார்கள். கேட்டால், எல்லாம் ஆண்டவருக்கு என்பார்கள்.

யட்டவத்தையில் என் பக்கத்து வீட்டுக்காரி தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவள். புருஷன் இல்லை. சபைக்கு வரத் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மகள் பிள்ளைத்தாய்ச்சி. உடம்பில் இரத்தம் போதாது, தினமும் ஒரு முட்டை கொடு என்று மிட்வைஃப் மிஸி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முட்டையைக் கடையில் வாங்கித் தின்கிற காலமா இது? நல்லவேளையாக அவளிடம் ஒரு கோழி இருந்தது. அது இட்டதுதான் அந்தப் பெண்ணுக்கு மருந்து.

பண்டிகையன்று அந்தக் கோழியின் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன புள்ள இது? மகளுக்கு முட்டைக்கு எங்க போவ?"

"குடுத்தா நூறு மடங்கா திரும்பக் கிடைக்கும்னு பாஸ்டர் ஐயா சொன்னாருங்களே அக்கா. நம்மகிட்ட வேற என்னங்க இருக்கு?"

போதகரிடம் ஓடினேன். "அவங்க விசுவாசத்தத் தடுக்காதீங்க சிஸ்டர்" என்று முடித்துவிட்டார்.

சரி, நானே ஏலத்தில் எடுத்து அவள் கூண்டில் விட்டுவிடுவோம் என்று கேட்கத் தொடங்கினேன். மிளகு வியாபாரம் செய்கிற எங்கள் சபை மூப்பர் கூட்டிக் கேட்டார். நான் ஏற்ற, அவர் ஏற்ற, சனம் கைதட்டியது. இனி என்னால் முடியாது என்றானதும் அவர் பக்கத்தில் போய் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கு? ஆண்டவருக்குப் போற காச கொறைக்கச் சொல்றீங்களா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். கோழி அவருக்குப் போனது.

அதோடு விட்டாரா? "இத இங்கயே கறியாக்குங்க. கஷ்டப்பட்ட குடும்பங்களுக்குப் போடுங்க" என்றார். போதகர் அவருடைய இரக்கத்துக்காக மைக்கில் ஸ்தோத்திரம் சொன்னார். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே. மூப்பர் தானே கரண்டி பிடித்து, தொடைத் துண்டாகப் பார்த்து எடுத்து அந்த மகளின் தட்டில் வைத்தார். "நல்லா சாப்புடும்மா, ரெண்டு உசுரு" என்றார். அவர் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. தாய்க்காரி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மறுநாள் முட்டை வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாங்க மறுத்துவிட்டாள்.

"வாங்கினா நம்பிக்க இல்லாத மாதிரி ஆயிடுமுங்க அக்கா."

மகள் வாசற்படியில் உட்கார்ந்து என் கையிலிருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோழிக்கூண்டு கழுவிக் காய்ந்திருந்தது. உள்ளே புது வைக்கோல் போட்டிருந்தது.

"ஒங்க வீட்டுல பழைய கம்பி வலை கெடக்குதில்ல, அதத் தருவீங்களா?" என்று தாய்க்காரி கேட்டாள். "நூறும் வந்தா இந்தக் கூண்டு பத்தாதுங்களே."

போய் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன்.