மச்சானின் கொழுப்பு

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, சி.டி. ஸ்கேன் திரையில் ஒரே படத்தை முன்னும் பின்னுமாக ஓட்டிக்கொண்டிருந்தார் டாக்டரம்மா. இரண்டாயிரங்களின் பிற்பகுதி, இதயக் குழாய்களை ஸ்கேனில் பார்ப்பது மதுரைக்கு அப்போது புதிது. அந்த மருத்துவமனையில் நான் ஸ்கேன் எடுப்பவன். அவர் படத்தைப் பார்த்து முடிவு சொல்பவர். அன்று திரையில் இருந்தது என் அக்காள் கணவரின் இதயம்.

மச்சானுக்குச் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால். ஒல்லியான உடம்பு. வெற்றிலை கிள்ள ஏணியில் ஏறினால் நெஞ்சை அழுத்துகிறது என்றார். ஈ.சி.ஜி.யில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்கேனிலும் ஒரு குழாயில் பாதிக்கும் குறைவான அடைப்புதான். மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன். டாக்டரம்மாவோ குழாயைச் சுற்றியிருந்த கொழுப்பைக் காட்டினார். மற்ற இடங்களில் கறுப்பாகத் தெளிந்திருந்தது, அடைப்பின் அருகில் மட்டும் புகை படிந்ததுபோல் கலங்கியிருந்தது.

“குழாய்ச் சுவர் உள்ளுக்குள்ள புண்ணாகியிருக்கலாம் தம்பி. உறுதியா சொல்ல முடியல. ஆனா இவரை இன்னைக்கு வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசு வரல” என்றவர், தானே மாடிக்குப் போய் இதய மருத்துவரிடம் வாதாடி, படுக்கைக்கு ஏற்பாடு செய்துவிட்டு வந்தார்.

வெளியே அக்காவோடு காத்திருந்த மச்சானிடம் விஷயத்தைச் சொன்னோம். “எனக்கா கொழுப்பு?” என்று சட்டையைத் தூக்கி விலா எலும்பைக் காட்டினார் மச்சான்.

“அம்புட்டும் உள்ளதான் இருக்கு. கல்யாணமான அன்னைக்கே எனக்குத் தெரியும்” என்றார் அக்கா.

டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். மச்சான் மட்டும் மசியவில்லை. “கொடிக்காலுக்குத் தண்ணி பாய்ச்சணும், நான் போறேன்.”

“அதுக்கு வேற ஆள் விடலாம்ணே. ஒரு நாள் எனக்காக இருங்க” என்றார் டாக்டரம்மா.

முணுமுணுத்துக்கொண்டே தங்கினார் மச்சான்.

மறுநாள் காலை, இட்லியைப் பிட்டவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தார். வார்டிலேயே இருந்ததால் உடனே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கலங்கித் தெரிந்த அதே இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைத்திருந்தது. அதை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஊரிலிருந்து கிளம்பி வந்திருந்தால் பாதி வழியைத் தாண்டியிருக்க மாட்டார்.

அக்கா ஓடிப்போய் டாக்டரம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். “நேத்து விட்டிருந்தா...” என்ற டாக்டரம்மா, நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, ஆனாலும் தன் சந்தேகத்தை விட்டுக்கொடுக்காமல் நின்ற அந்தத் துணிவை நான் வேறு எவரிடமும் அவ்வளவு அருகில் பார்த்ததில்லை.

இப்போது அந்தக் கொழுப்பை அளந்து, நிறம் தீட்டிக் காட்டும் மென்பொருளே வந்துவிட்டது. முதல்முறை அதைப் பார்த்த அன்று, ஓய்வு பெற்றுவிட்ட அவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதிருக்கட்டும், ஒங்க மச்சான் எப்படி இருக்காரு?” என்றார்.

“பேத்திக்குக் காதுகுத்து. பூ வாங்க மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போயிருக்காரும்மா.”