ஹாந்திபாவும் அவளுடைய சாக்ரடீஸும்

எங்கள் மனாபி மாகாணத்துப் பக்கம் பிள்ளைக்குப் பெயர் வைப்பதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. ஹாந்திபாவின் அப்பா எவரிஸ்தோ கையில் தத்துவஞானிகளைப் பற்றிய பழைய புத்தகம் ஒன்று சிக்கியது. மனிதருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். பெரிய எழுத்தில் கண்ணில் பட்ட பெயரையெல்லாம் பிள்ளைகளுக்குச் சூட்டிவிட்டார். ஒன்றும் வேண்டாமென்று பீப்பாயில் குடியிருந்த ஞானியின் பெயரை வாங்கிய தியோஹெனஸுக்கு இன்று மூன்று மாடி வீடு. இன்பமே வாழ்க்கை என்றவரின் பெயரைச் சுமக்கும் எபிகூரோவுக்கு வயிற்றுப் புண். அவித்த வாழைக்காய் தவிர எதுவும் ஒத்துக்கொள்ளாது. கடைசிப் பெண்தான் ஹாந்திபா.

அவளைப் போல ஒரு சாதுவை நான் பார்த்ததில்லை. கோழியை விரட்டக்கூட, "கொஞ்சம் தள்ளிக்கோம்மா" என்பாள். முப்பது வயதில், ஓலைத் தொப்பி பின்னும் ஒருவன்மேல் ஆசை வைத்தாள். அவன் பெயர் சாக்ரடீஸ்.

நான் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார். நிச்சயதார்த்த விருந்தில் வேர்க்கடலைக் குழம்பையும் மீனையும் தின்றுவிட்டுப் பேசாமல் வந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "அந்தக் காலத்து சாக்ரடீஸோட பொண்டாட்டி பேரும் ஹாந்திபாதான்!" என்று எடுத்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா தெய்ஃபிலியாவுக்கு வாயெல்லாம் பல். "பொருத்தம்னா இதுல்ல பொருத்தம்! எப்படி வாழ்ந்தாங்க வாத்தியாரே?"

அங்கேயாவது பொய் சொல்லியிருக்கலாம். "அந்தம்மா பெரிய வாய்க்காரியாம். ஒருநாள் புருஷனத் திட்டித் தீர்த்துட்டு, தலையில தண்ணியக் கொட்டினாளாம்."

"அந்த ஆளு?"

"தெருத்தெருவாப் போய்க் கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தாரு. கடைசியில விஷம் குடுத்துக் கொன்னுட்டாங்க."

தெய்ஃபிலியா தட்டைத் தள்ளிவைத்தாள். "எந்திரிடா."

சாக்ரடீஸ் எழுந்தான். ஏன் என்று ஒரு கேள்வி இல்லை. பெயருக்காகவாவது ஒன்று கேட்டிருக்கலாம், மடையன்.

கல்யாணம் நின்றது. மூன்று வாரம் ஹாந்திபா அழுதாள், அதுவும் சத்தமில்லாமல். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தெய்ஃபிலியா மகனோடு வெளியே வந்தபோது, தேவாலய வாசலில் ஹாந்திபா வழிமறித்து நின்றாள். கையில் ஒரு சட்டி.

"தண்ணி ஊத்திடுவேன்னுதானே பயப்படுறீங்க அத்தை? இப்பவே ஊத்திடுறேன். நடக்கவேண்டியது நடந்து முடிஞ்சிரட்டும். வெதுவெதுப்பாத்தான் இருக்கு." பிறகு அவனிடம், "தொப்பியக் கழட்டுங்க, நனைஞ்சிரும்."

அவன் கழற்றினான். குனிந்தும் கொடுத்தான். ஊற்றினாள், துண்டெடுத்துத் துவட்டியும் விட்டாள். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

தெய்ஃபிலியா விடவில்லை. "அப்ப, திட்டு?"

ஹாந்திபா நெடுநேரம் யோசித்தாள். "சோம்பேறி," என்றாள். உடனே, "மன்னிச்சுக்குங்க."

"சரி, விஷத்துக்கு என்னடி சொல்ற?"

ஈரத்தலையோடு நிற்கும் மகனையும், காலிச் சட்டியோடு நிற்கும் அவளையும் தெய்ஃபிலியா மாறி மாறிப் பார்த்தாள். "அத நான் பாத்துக்கிறேன்," என்றாள்.

பார்த்துக்கொண்டாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம், மருமகள் மகனுக்குப் போடும் ஒவ்வொரு காப்பியிலும் பாதியைத் தான் குடித்து, கால்மணி நேரம் நெஞ்சைத் தடவியபடி உட்கார்ந்திருந்து, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகே மீதியை அவனுக்குத் தருவாள். அவன் ஆறிய காப்பியைப் பேசாமல் குடிப்பான். ஹாந்திபா ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. மாமியாருக்கு இனிப்புப் பிடிக்கும் என்று சர்க்கரையைக் கூட்டித்தான் போட்டாள்.

போன மழைக்காலத்தில், தொண்ணூறு வயதில், தெய்ஃபிலியா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். அடக்கம் முடிந்து எல்லோரும் போனபின், நானும் சாக்ரடீஸும் அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். ஹாந்திபா காப்பி கொண்டுவந்தாள். ஆவி பறந்தது. சாக்ரடீஸ் ஒரு வாய் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான். கண் கலங்கிவிட்டது. எனக்குத் தெரிந்து அவன் கேட்ட முதல் கேள்வி அப்போதுதான் வந்தது.

"இனிமே பாதிய யாரு குடிப்பா?"

ஹாந்திபா கோப்பையை வாங்கிப் பாதியைக் குடித்தாள். பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டாள். கால்மணி நேரம் மூவரும் காத்திருந்தோம்.