இரு சம்பந்திகளுக்கு ஒரு கிண்ணம்

என் தம்பி மகளின் திருமணம் மே மாதத்தில் என்று முடிவானபோது, மண்டபம், சமையல், பூ, விளக்கு என்று ஒவ்வொன்றையும் உறவினர் ஆளுக்கொன்றாக ஏற்றுக்கொண்டனர். ஒயின் வாங்கும் பொறுப்பு மட்டும் என்னிடம் வந்து சேர்ந்தது. கோயிலில் வாசகம் வாசிப்பவன், பலிபீடத்தின் திராட்சை இரசத்தைத் தவிர வேறெதையும் தொடாதவன் என்பதால், என் கையில் இது பத்திரமாக இருக்கும் என்று நினைத்திருக்கலாம்.

எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் காலையில் கோயிலில் தாலி கட்டி, மாலையில் வரவேற்பு வைப்பார்கள். கேக் வெட்டியதும் வந்திருப்பவர்கள் கையில் சிறு கோப்பைகளில் ஒயின் தரப்படும். எங்கள் உறவுமுறையில் அதற்கு முன்பாக ஒரு சடங்கு உண்டு. ஒரே கிண்ணத்தில் ஊற்றிய இரசத்தைப் பெண்ணின் தகப்பனார் ஒரு வாய் அருந்தி மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் நீட்டுவார். மிச்சத்தை அவர் அருந்துவார். சபை அதைப் பார்த்து நிற்கும். அந்தக் கிண்ணத்தில் ஊற்றுவது பெண் வீட்டின் மூத்தவருக்குரிய கடமை. ஆகவே அதுவும் என்னுடையதாயிற்று.

ஒரு மாலை, வத்தலக்குண்டு சாலையில் இருக்கும் தன் உதிரிபாகக் கடையைப் பூட்டிவிட்டுத் தம்பி வந்தான். வந்தவன் உட்காரவில்லை.

“அண்ணே, அந்தக் கிண்ணத்துக்கு என்ன பண்ணப் போறீக?”

எனக்கு உடனே புரிந்தது. அவன் குடியை விட்டு ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கு முந்தைய காலத்தைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. பேருந்து நிலையத்தில் கிடந்தவனை யார் யாரோ தூக்கி வந்திருக்கிறார்கள். கடை ஏறக்குறையக் கைநழுவிப் போனது. மருத்துவமனைக் கட்டிலில் கைகள் கட்டப்பட்டிருந்த என் தம்பியை நான் பார்த்திருக்கிறேன்.

“உதட்டுல பட்டா போதும்ணே, நான் போயிருவேன். டாக்டர் சொன்னாருன்னு சொல்லல. எனக்கே தெரியும்.”

“மாப்பிள்ளை வீட்டுல சொல்லிட்டியா?”

“எதுக்கு? குடிகாரன் வீட்டுப் பொண்ணுன்னு அவ தலையில ஒரு பேர எழுதி அனுப்பவா? நீங்க ஏதாச்சும் வழி பண்ணுங்க. அம்புட்டுத்தான்.”

வழி எளிதன்று. எங்கள் மக்கள் ஒயினைக் குடியென்று கணக்கில் சேர்ப்பதே இல்லை. சாராயத்தின் பெயரைக் கேட்டாலே சிலுவை போட்டுக்கொள்கிற பெண்கள், கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் ஊறப்போட்ட திராட்சை இரசத்தைக் குழந்தையின் வாயிலும் ஒரு சொட்டு வைப்பார்கள். பிரியாணியோடு போகும் செரிமானப் பண்டம் என்பது அவர்கள் எண்ணம். ஆறு ஆண்டுகளாகத் தம்பி ஒவ்வொரு பெருவிழாவிலும் வயிற்றுப் புண் என்று சொல்லி, பண்டிகை நாளிலும் கடையைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறான். அவன் மனைவிக்கே இது முழுதாக விளங்கியதில்லை. “அவரு விட்டது பிராந்தியத்தானே அத்தான்? ஒயினு என்ன செய்யும்?” என்று என்னிடம் அவள் கேட்டதுண்டு.

நான் விடியலில் எழுந்து பழைய பக்திச் செய்யுள்களை உரக்கப் படிக்கும் பழக்கமுடையவன். எங்கள் வேதத்தாருடையவற்றையும் படிப்பேன். சிவனையும் திருமாலையும் பாடியவற்றையும் படிப்பேன். தமிழில் இறைவனை நினைக்க அவை எல்லாமே எனக்கு வேண்டியிருக்கின்றன. அந்தப் பாடல்களில் இறையன்பு தேனாக வரும், கள்ளாக வரும். அடியவன் உண்டு மயங்குவான், தள்ளாடுவான், நாணமற்று வீதியில் ஆடுவான். இளமையில் அவ்வடிகளை நான் இனிமைக்காகவே படித்தேன். தம்பி மருத்துவமனையிலிருந்து திரும்பி என் வீட்டில் சில மாதங்கள் தங்கியபோது அவ்வடிகள் வருமிடத்தில் என் குரல் தானாகவே தாழ்ந்தது. வீதியில் தள்ளாடுவது எப்படியிருக்கும் என்று அடுத்த அறையில் படுத்திருந்தவன் அறிவான். பாடியவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆயினும் அந்த உவமையை அதன்பின் என்னால் இலேசாகச் சொல்ல முடிந்ததில்லை.

முதலில், சபைக்குரிய ஒயினை முடிவு செய்ய வேண்டியிருந்தது. கூட்டம் பெரிது, செலவு சிறிதாக இருக்க வேண்டும், மே மாதத்துத் திண்டுக்கல் வெயில், விருந்தோ சீரகச் சம்பா அரிசியில் ஆட்டிறைச்சிப் பிரியாணி. வெவ்வேறு வகையில் விலை குறைந்த மூன்று புட்டிகளை வாங்கிப் பார்ப்பதென்று தீர்மானித்து அரசு மதுக்கடையில் வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் நின்றவர் எங்கள் பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் மத்தளம் வாசிப்பவர்.

“ஐயா, நீங்களா? நேத்துதான வாசகம் வாசிச்சீக!”

“கலியாணத்துக்கு ஒயின் பாக்க வந்தேன்.”

“எல்லாரும் அப்படி ஒண்ணு சொல்லிக்கிட்டுத்தான் வாராக. நான்கூட மாமியாருக்கு மருந்து வாங்கத்தான் வந்தேன்!”

மறுநாள் தம்பி வீட்டில் புட்டிகளைப் பனிக்கட்டி வாளியில் வைத்து, கடைப் பிரியாணியோடு சுவைத்துப் பார்த்தோம். தம்பி காலையிலேயே கடைக்குப் போய்விட்டான். இருந்தவர்கள் நானும், அவன் மனைவியும், சிறுமலை அடிவாரத்தில் திராட்சைப் பந்தல் வைத்திருக்கும் என் சித்தி மகளும். தங்கை முறையான அவள்தான் எங்கள் உறவில் ஆண்டுதோறும் வீட்டு ஒயின் ஊறப்போடுகிறவள். கடைச் சரக்கென்றாலே உதட்டைப் பிதுக்குவாள்.

மூன்றில் மிக மலிவானது அடர்சிவப்பாக, வெல்லப்பாகு போல் இனித்தது. குளிர்காலத்தில் ஒருவேளை பொருந்தலாம். அந்த வெக்கையில், நெய்யும் காரமும் நிறைந்த சோற்றின்மேல் அது நாவில் பசையாக ஒட்டித் தாகத்தையே கூட்டியது. இரண்டாவது இனிப்பே இல்லாத வெள்ளை ஒயின்.

“இது என்ன அத்தான், நெல்லிக்காய் ஊறுன தண்ணியாட்டம் இருக்கு? நம்ம சனம் இதக் குடிச்சுட்டு, பொண்ணு வீட்டுல சர்க்கரைக்கும் பஞ்சம்பாக” என்றாள் தம்பி மனைவி.

மூன்றாவது இளஞ்சிவப்பு, இலேசான இனிப்பு, இலேசான புளிப்பு. நன்கு குளிர்ந்திருந்தபோது இறைச்சியின் கொழுப்பை நாவிலிருந்து கழுவிவிட்டது. அடுத்த கவளத்துக்கு வாய் தயாராயிற்று. மிளகாயும் பட்டையும் கிராம்பும் ஆளும் இலையில் விலையுயர்ந்த ஒயினின் நுட்பங்கள் எவர்க்கும் எட்டப் போவதில்லை. கோடை விருந்துக்கு இலேசானதும் குளிர்ந்ததுமே போதும் என்று எனக்குத் தெளிவாயிற்று. என் தங்கையும் ஒரு மிடறு குடித்துவிட்டு, “கடைச் சரக்குக்கு இது குத்தமில்ல” என்றாள். அவள் வாயிலிருந்து அதற்கு மேல் புகழ்ச்சி வராது.

தம்பி மனைவி பாத்திரம் கழுவச் சென்றபோது கிண்ணத்தின் சங்கடத்தைத் தங்கையிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“முந்துன நாள் சாயங்காலம் பன்னீர்த் திராட்சையப் பிழிஞ்சு வடிகட்டித் தாரேன். நெறம் அச்சு அசல் ஒயினுதான். காச்சுனா நெறம் செத்துப்போகும், அதனால பச்சையாவே தாரேன். ஆனா ஐஸ விட்டு எடுக்கக் கூடாதுண்ணே. இந்த வெயிலுக்கு அது சும்மா இருக்காது, புளிச்சு ஒயினாப் பொங்கிரும்.”

என் மனம் அமைதியடையவில்லை. இரு குடும்பங்கள் ஒன்றாவதற்குச் சாட்சியாக நிற்கும் கிண்ணத்தில், ஒன்றைக் காட்டி மற்றொன்றை ஊற்றலாமா? குடியால் நலிந்த குருக்களுக்குப் பலிபீடத்திலேயே புளிப்பேறாத திராட்சைச் சாற்றுக்கு அனுமதி தரப்படுவதுண்டு என்பதை நான் அறிவேன். ஆதலால் சாறு எனக்குக் குற்றமாகப் படவில்லை. மறைப்புதான் உறுத்தியது. சாறு பிழியும் யோசனையைத் தம்பியிடம் கூறி, மறுபடியும் சொன்னேன்: “முன்னாடியே சொல்லிரலாம்ப்பா.” அவன் தரையைப் பார்த்தபடி, “கல்யாணம் முடியட்டும்ணே” என்றான். அதற்கு மேல் வற்புறுத்த எனக்கு உரிமையில்லை. திருமணத்துக்கு முந்தின மாலை தங்கை சாற்றுப் புட்டியைத் தந்தாள். தம்பி மனைவியிடம், “இது கிண்ணத்துக்கான சாறு, இதில் ஒயின் இல்லை, பனிக்கட்டியிலேயே இருக்கட்டும்” என்று மட்டும் கூறிப் புட்டியைக் கொடுத்தேன்.

காலையில் கோயிலில் திருமணத் திருப்பலி இனிதே நிறைவேறியது. மாலையில் மண்டபம் நிறைந்தது. மேடையில் மணமக்கள், அருகில் இரு தகப்பன்மார். மாப்பிள்ளையின் தகப்பனார் ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி மண்டி வைத்திருப்பவர். பருத்த உடலும் மெல்லிய குரலும் கொண்டவர். நான் தட்டில் வெள்ளிக் கிண்ணத்தையும் அந்தப் புட்டியையும் ஏந்தி நின்றேன். புட்டி கைக்குக் குளிர்ச்சியாக இருந்தது. தக்கையைத் திருகினேன். அது என் விரல்களை மீறிக்கொண்டு ‘டப்’பென்று தெறித்தது. இளஞ்சிவப்பு நுரை வழிந்து என் வேட்டியில் விழுந்தது. புளித்த வாடை எழுந்தது.

திரும்பிப் பார்த்தேன். மேடைப் படியில் நின்ற தம்பி மனைவி பதறிப்போய் என் காதருகில் வந்தாள்.

“நான் வேற ஒண்ணுஞ் செய்யல அத்தான். சம்பந்திக குடிக்கிற கிண்ணமாச்சேன்னு, ராத்திரிப் பூராவும் மாதா சுரூபத்து முன்னால புட்டிய வச்சு மெழுகுதிரி ஏத்தியிருந்தேன். இப்ப செத்த நேரம் முன்னாலதான் ஐஸ்ல வச்சேன். சாறுதானன்னு…”

அவளை நான் கடிந்துகொள்ளவில்லை. தன்னிடமிருந்த மிக உயர்ந்த இடத்தில்தான் அவள் அதை வைத்திருந்தாள். ஓர் இரவும் ஒரு பகலும் மெழுகுதிரியின் அருகே, மே மாதப் புழுக்கத்தில், அந்தச் சாறு தன் இயல்பைச் செய்துவிட்டது.

என் தம்பி என்னைவிட முன்னதாகவே அந்த வாடையை அறிந்திருந்தான். அவன் நாசி விரிந்ததையும், தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியதையும் கண்டேன். சபை கைதட்டத் தொடங்கியது. ஒலிபெருக்கியில் ஒருவர், “பெண்ணின் தகப்பனார் இப்போது…” என்று அறிவித்தார். நான் ஊற்றவில்லை. புட்டியை மீண்டும் தட்டில் வைத்தேன்.

தம்பி கிண்ணத்தைத் தட்டிலிருந்து எடுத்தான். வெறுங்கிண்ணம். அதை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் குனிந்தான். கைதட்டலின் நடுவே அவர்கள் பேசியது எனக்கும் மணமகளுக்கும் மட்டுமே கேட்டது.

“இதுல நான் வாய் வைக்க முடியாதுங்க. சாறாப் பிழிஞ்சது, புளிச்சுப்போச்சு. நான் குடிச்சுக் கெட்டவன். விட்டு ஆறு வருசமாச்சு. முன்னாலயே சொல்லிருக்கணும். சொல்லல.”

அவர் புன்னகை நின்றது. சபையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். கைதட்டல் தேய்ந்து அடங்கியது.

“பொண்ணுக்குத் தெரியுமுங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“அவதான் என்னைய ஆஸ்பத்திரியில சேத்தா. காலேஜுக்குக்கூடப் போகாம வாசல்ல உக்காந்திருந்தா.”

அவர் தலையைத் திருப்பி, மாலைகளுக்குள் குனிந்திருந்த மருமகளை நெடுநேரம் பார்த்தார். அந்த நேரத்தில் நான் செபித்தேன் என்று சொல்ல முடியாது. எந்தச் செய்யுளும் என் நினைவுக்கு வரவில்லை. தட்டு மட்டும் கனத்தது.

“தண்ணி இருக்குதுங்களா?” என்று என்னிடம் கேட்டார்.

மேசையிலிருந்த தண்ணீரை ஊற்றினேன். தம்பி ஒரு வாய் குடித்து நீட்டினான். அவர் மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்து, கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினார். சபை ஆரவாரித்தது. கிண்ணத்தில் என்ன இருந்தது என்பதை எவரும் கேட்கவில்லை. குளிர்ந்த இளஞ்சிவப்புக் கோப்பைகள் வரிசை வரிசையாகக் கை மாறின.

எல்லாரும் சாப்பாட்டுக்கு எழுந்த பிறகு அவர் என் தம்பியின் தோளில் கைவைத்து நிறுத்தினார்.

“ஏனுங்க சம்பந்தி, சொல்லாம உட்டது தப்புங்க. அதுல எனக்கு வருத்தந்தான்.”

“ஆமாங்க.”

“கிறிஸ்மஸுக்கு எங்க ஊட்டுக்கு வருவீங்கல்ல? எங்கூட்டுல வந்தவிங்களுக்கெல்லாம் ஒயின் ஊத்திப்போடுவாங்க. உங்களுக்கு என்ன ஊத்தோணும், இப்பவே சொல்லிப்போடுங்க.”

தம்பி, “மோர் ஊத்துங்க. உப்புப் போட்டு” என்றான்.

அவர் சற்று தொலைவில் நின்ற தம் மனைவியைக் கைகாட்டி அழைத்தார். என் தம்பி ஓரடி பின்வாங்கியதைப் பார்த்தேன். அந்த அம்மாள் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தபடி வந்தார்.

“இவிங்களுக்கு நம்ம ஊட்டுல எப்பவும் மோருதான். ஒயினு காட்டக் கூடாது. ஏன்னு அவிங்களே சொல்லுவாங்க, கேட்டுக்க” என்று சொல்லிவிட்டு அவர் பந்தியை நோக்கி நடந்தார்.

அந்த அம்மாள் என் தம்பியை ஏறிட்டுப் பார்த்தார். அவன் கையிலிருந்த கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பின்பு நிமிர்ந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.