மயூரன் விட்டுப்போன வாளி

புவனேஸ்வரன் பொய் சொல்லும் ஆள் இல்லை. இதை இரண்டே பேரிடம்தான் சொல்லியிருக்கிறான். இரண்டு முறையும் ஒரு சொல்கூட மாறவில்லை. நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சவுமில்லை.

பாயான் பாரு தொழிற்சாலையில் இரவு வேலை ஒத்துவராமல் நின்றுவிட்டவன் அவன். அதன்பிறகு மயூரனோடு சேர்ந்தான். லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் பின்கட்டு. பழைய கம்ப்யூட்டர் போர்டுகளின் தங்கமுலாம் ஓரங்களை வெட்டி, அமிலத்தில் கரைத்து, தங்கத்தைப் பிரித்தெடுப்பார்கள். தொழில் சொல்லிக்கொடுத்தது மயூரன்தான்.

ஒருநாள் சாயங்காலம் அமில வாளி பொங்கியது. செம்பழுப்புப் புகை. மயூரனுக்குள் இரண்டு மூச்சு போயிருக்கும்.

“தொண்டை கரகரங்குது, அவ்வளவுதான் லா. மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்க?” என்று சிரித்தான். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டான். படுத்தான். நுரையீரலில் நீர் கோத்து, விடிவதற்குள் போய்ச் சேர்ந்தான். அப்போது அவன் மனைவி தர்மினிக்கு ஏழாம் மாதம்.

வாளியை மூடி மூலையில் தள்ளிவைத்தான் புவன். ஆண்டுத் திவசம் முடிந்த மறுவாரம் தர்மினி வந்து நின்றாள்.

“அவரு உசிரு அதுலதானே போச்சு, புவன். பாப்பாவுக்குக் காது குத்தணும். அந்தத் தங்கத்துலதான் தோடு செய்யணும். வேற தங்கம் வேணாம்.”

“வருமான்னு தெரியல அண்ணி. ரொம்ப நாளாச்சு.”

“வரணும்.”

மறுநாள் பகல் மூன்று மணிக்கு வாளியைத் திறந்தான். தெளிந்த மஞ்சள் கரைசல். தங்கத்தை இறக்கும் வெள்ளைத் தூளைப் போட்டான். கரைசல் கறுத்தது. கொஞ்ச நேரத்தில் காப்பித்தூள் நிறத்தில் அடியில் படியத் தொடங்கியது. அதுதான் தங்கம். நன்றாகப் படியட்டும் என்று கதவைப் பூட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனான்.

“என்னடா சட்டை பூரா ஓட்டை? தங்கம் காய்ச்சுறவன் ஒரு சட்டை வாங்கக்கூடாதா?” என்றார் கடைக்கார பஷீர்.

“தங்கம் வரட்டும் அண்ணே. உங்களுக்கும் சேர்த்து வாங்குறேன்.”

திரும்பி வந்தபோது வாளியின் அடியில் ஒன்றுமே இல்லை. கரைசல் பழையபடி மஞ்சளாக நின்றது.

புவன் பயப்படவில்லை. நைட்ரிக் அமிலம் மிச்சமிருந்தால் இறங்கிய தங்கத்தை அதுவே திரும்பத் தின்றுவிடும். இது தெரிந்த கோளாறுதான். யூரியா போட்டான். நைட்ரிக் இருந்தால் நுரைக்க வேண்டும். முதலில் நுரைத்தது. பிறகு அடங்கியது. இன்னொரு பிடி போட்டுப் பார்த்தான். ஒரு குமிழிகூட வரவில்லை. இனித் தின்ன எதுவுமில்லை. வெள்ளைத் தூளை மறுபடி போட்டான். பழுப்பு இறங்கியது.

கை கழுவக் குழாயடிக்குப் போனான். இரண்டு நிமிடம்தான்.

வந்து பார்த்தால்... மஞ்சள்.

அறைக்குள் புது நைட்ரிக் வாடை. அமிலப் போத்தல் இருந்த அலமாரி பூட்டியே கிடந்தது. சாவி அவன் கால்சட்டைப் பையில்.

மறுபடி யூரியா. மூன்றாம் முறை தூள். இம்முறை அவன் வாளியை விட்டு நகரவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு, முதுகைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தான். வெளியே மழை. பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு மக்ரிப் பாங்கு சொல்லி முடித்தார்கள்.

பழுப்பு படிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் இருமல் கேட்டது.

ஈரமான இருமல். தண்ணீருக்குள்ளிருந்து இருமுவதைப்போல.

அவனுக்குப் பின்னால்.

பின்னால் சுவர்தான் இருந்தது.

க்ளுக்... க்ளுக்... எங்கோ போத்தலைச் சரித்து ஊற்றும் சத்தம். அலமாரி அசையவில்லை. வாளியின் அடியில் படிந்திருந்த பழுப்பு மெல்லக் கிளம்பி, புகைபோலச் சுழன்று, கரைந்துகொண்டிருந்தது.

ஓட நினைத்தான். நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணே...”

இருமல்.

“எனக்கில்லண்ணே. பாப்பாவுக்கு. தோடு செய்ய.”

இருமல் நெருங்கியது. காதோரம் ஈரக் காற்று.

அந்த நொடியில்தான் அவனுக்கு உறைத்தது. மயூரனுக்கு ஒன்றுமே தெரியாது.

“பொம்பளப் புள்ளண்ணே.”

இருமல் நின்றது.

மழைச் சத்தம் மட்டும்.

வாளிக்குள் பழுப்பு இறங்கியது. மெதுவாக. முழுவதும். பிறகு அது கரையவே இல்லை.

புவன் எழுந்து நிற்க வெகுநேரமானது.

தூளைக் கழுவி உருக்கினான். அந்தத் தெருவிலேயே ஒரு பத்தர் மிளகு அளவில் இரண்டு தோடுகள் செய்துகொடுத்தார். மிஞ்சிய கரைசலைக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிட்டு, பின்கட்டைக் காலி செய்தான். பார்த்ததைத் தர்மினியிடம் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து, தர்மினியின் வீட்டில் காதுகுத்து. அவள் தம்பி ஹரிசங்கர் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டான்.

“மாமன் வேட்டி புதுசும்மா. மூத்திரம் கீத்திரம் போயிடாத லா.”

பத்தர் ஊசியை எடுத்தார். தர்மினி ஈரத்துணியால் குழந்தையின் காதைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

“இது என்ன, போகவே மாட்டேங்குது?”

காது மடலில் ஊதாக் கறை.

“மங்குஸ்தீன் பழம் உரிச்ச கையோட தூக்கியிருப்ப அக்கா.”

“நான் எங்கடா மங்குஸ்தீன் வாங்கினேன்?”

புவன் குனிந்து பார்த்தான். முன்பக்கம் பெருவிரல் அகலம். பின்பக்கம் சுட்டுவிரல் அகலம். இரண்டு காதிலும் அப்படியே. யாரோ மடலை மெல்லப் பிடித்துப் பார்த்ததைப்போல.

தங்கக் கரைசல் தோலில் பட்டால் அன்றைக்குத் தெரியாது. மறுநாள்தான் ஊதாவாக எழும்பும். மயூரன் கையுறை போடமாட்டான். அவன் விரல் நுனிகள் எப்போதும் இந்த நிறம்தான்.

முந்தின நாளும் சரி, அன்றும் சரி, புவன் குழந்தையைத் தொடவேயில்லை. கரைசலும் எங்கும் இல்லை.

தர்மினியை அடுப்படிக்கு அழைத்து எல்லாவற்றையும் சொன்னான். சுற்றி வளைக்கவில்லை.

“நேத்துதான் பட்டிருக்கணும் அண்ணி.”

அவள் அழவில்லை. அலறவுமில்லை.

“எத்தனை நாளைக்கு இருக்கும்?”

“தோல் உரியிற வரைக்கும். பத்து நாள்.”

அவள் வெளியே போய், இன்றைக்கு வேண்டாம் என்று பத்தரை அனுப்பிவிட்டாள். அந்தப் பத்து நாளும் பாப்பாவைக் குளிப்பாட்டும்போது காதில் மட்டும் சோப்புப் போடவில்லை.