அளவுக்கு நின்றவள்

என் கணவருக்குப் பழைய தெருக்கள்மேல் பைத்தியம். திருப்பதியில் ஒரு கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறார். சித்தூரில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டு நகரப் படங்கள்தான்: மெட்ராஸ், கல்கத்தா, பாரிஸ். பல படங்களில் கீழ்ப்பாதி முழுக்க வெறும் மண். ஒரு மூலையில் தொடங்கும் தெரு சாய்வாக உள்ளே போய், தூரத்துக் கோபுரத்திலோ மணிக்கூண்டிலோ முடியும்.

"இவ்ளோ பெரிய ஊர்ல ஜனமே இல்லியா?" என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். இருந்தார்களாம். அந்தக் காலத்துக் காமிராவுக்கு ஒரு படம் பதிய நேரம் பிடிக்கும். நடந்துபோனவர்கள் அதில் விழவில்லை. கட்டிடத்தின் உயரம் தெரியவேண்டும் என்று ஒரே ஒரு ஆளை அசையாமல் நிறுத்திவைப்பார்களாம்.

எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். முப்பது வருஷமாக.

அவரும் அதே முறையில்தான் படம் எடுப்பார். திருப்பதியில் கோபுரத் தெரு காலியாகட்டும் என்று காத்திருந்தால், கடல் வற்றிக் கருவாடு தின்னப் பார்த்த கொக்கின் கதிதான். அதனால் ஸ்டாண்டில் காமிராவை வைத்து, மெதுவாகப் பதியவிடுவார். மொட்டைத் தலைகள், ஆட்டோக்கள், பூக்கூடைகள் எல்லாம் கரைந்துபோகும். நான் மட்டும் நிற்பேன், கட்டைவிரல் உயரத்துக்கு. நடுவில் நிற்கக்கூடாது, காமிராவைப் பார்க்கக்கூடாது. "காலி இடந்தான் படத்துக்கு மூச்சு," என்பார். பொய் சொல்வானேன், படங்கள் அழகாகத்தான் இருக்கும். பலமனேர் சந்தையின் படத்தை நானே ஹாலில் மாட்டினேன்.

போன மாதம் அவருடைய அறுபதாம் கல்யாணத்தை நாராயணவனத்தில் வைத்துக்கொள்வதென்று முடிவானது. ஸ்ரீசிட்டியில் வேலைபார்க்கும் மகள், வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தே ஆகவேண்டும் என்றாள். இருக்கிற படங்களில் நல்லதாக நாலைந்தைப் பொறுக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். கடைக்காரர் என்னைப் பெரிதாக்கினார். முகம் இருந்த இடத்தில் சதுரம் சதுரமாக ஏதோ வந்தது.

"மொகமே கனபடலேது மேடம்," என்றார். முகமே தெரியவில்லையாம்.

மகள் போனிலும் தேடினோம். யாரோ வீட்டு விசேஷக் கும்பலில் பாதி முகம். பந்தியில் வாய் நிறையச் சோறு. கல்யாண ஆல்பத்துப் பெண்ணை வைத்தால் ஊர் சிரிக்கும். கடையில் நானும் சேர்ந்துதான் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பும்போது வலித்தது. முப்பது வருஷம் ஒரு மனுஷன் காமிராக் கண்ணாடி வழியாக என்னையே பார்த்திருக்கிறார், என் முகம் அவரிடம் இல்லை.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். "அதுக்கின்னா, நாளைக்கே பழைய கோர்ட்டு கட்டடத்தாண்ட போய் எடுத்துடலாம். காலைல வெளிச்சம் நல்லா சாய்வா விழும்," என்றார் அப்பாவியாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கோர்ட்டும் வேணாம், கோபுரமும் வேணாம். என் மொகத்த எடுங்க. இப்பவே."

சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவர் பழக்கதோஷத்தில் காமிராவோடு ஹாலின் அந்தக் கோடிக்குப் போய் நின்றார்.

"கிட்ட வாங்க."

இரண்டடி வந்தார். தரையைப் பார்த்தார், முன்னால் காலி இடம் போதவில்லை போலிருக்கிறது.

"இன்னும் கிட்ட."

அவர் முழங்கால் என் நாற்காலியில் இடித்தது. காமிராவைக் கண்ணில் வைத்தார். படம் எடுக்காமலே அதைக் கீழே இறக்கினார்.

"எப்ப இவ்ளோ நரைச்சுது?" என்றார்.

முன்நெற்றி முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டேன். "படத்த எடுங்க," என்றேன்.

"இரு," என்றார். "கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்."