என் தோட்டத்து வீடியோவுக்கு வந்த புகார்

எங்கள் நிலம் மார்க்கையன்கோட்டைக்கும் சின்னமனூருக்கும் நடுவில் இருக்கிறது. ஒன்றரை ஏக்கர், பெரும்பாலும் வாழை. நானும் வீட்டுக்காரரும் பாடுபடுகிறோம். மூன்று வருஷமாக அதைப் பற்றி ஒரு வீடியோ சேனலும் நடத்துகிறேன். பெரிய சேனல் இல்லை. பக்கக்கன்றை எப்போது அறுப்பது, காற்றுக்கு எப்படி முட்டுக் கொடுப்பது என்று ஒரு கையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு பேசுவேன். பார்க்கிறவர்கள் கம்பம், கூடலூர், போடிப் பக்கத்து ஆட்கள். சந்தேகம் கேட்பார்கள், தெரிந்ததைச் சொல்வேன்.

போன வருஷம் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த திசு வாழைக் கன்று வாங்கினோம். விற்றவர் பக்கத்து ஊரில் நர்சரி வைத்திருப்பவர். அவருக்கும் ஒரு சேனல் உண்டு. அதில் வெள்ளைச் சட்டையோடு கன்றுகளுக்கு நடுவே நின்று, "ஒரு கன்னுலகூட நோய் இருக்காது, எழுதித் தாரேன்" என்பார். அந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் நாங்களும் போனோம்.

மூன்றாம் மாதமே தெரிந்துவிட்டது. விரிய வேண்டிய இலைகள் ஒன்றோடொன்று நெருங்கி, உச்சியில் கொத்தாக விறைத்து நின்றன. காம்பில் கரும்பச்சைக் கோடுகள். முடிக்கொத்து நோய். இனி அது தார் விடாது, பிடுங்கி அழிக்க வேண்டியதுதான். அதே வாரம் அதே நர்சரியில் கன்று எடுத்த வேறு இரண்டு தோட்டங்களுக்குப் போய்ப் பார்த்தேன். அங்கேயும் அப்படியே நின்றது. நர்சரிக்காரரைப் போனில் பிடித்தேன்.

"ஒங்க தோட்டத்து அசுவினிப் பூச்சி கொண்டாந்துருக்கும்த்தா" என்றார்.

"மூணு தோட்டத்துக்கும் சொல்லிவச்ச மாதிரி ஒரே நேரத்துலயா வந்துச்சு?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் மூன்று வீடியோ போட்டேன். முதலாவதில் அவருடைய விளம்பரத்திலிருந்து ஏழு விநாடி, அந்த "எழுதித் தாரேன்" வரும் இடம். அடுத்ததாக என் தோட்டம். இரண்டாவது, முழுக்க என் வயலுக்குள் நானே நடந்து எடுத்தது. மூன்றாவது, இந்த நோயை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற விளக்கம். எதிலும் யாரையும் திட்டவில்லை.

ஒரு வாரம் கழித்து, வயலில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தபோது செல்போனில் வரிசையாக மூன்று மெயில். என் மூன்று வீடியோக்களும் பதிப்புரிமைப் புகாரின் பேரில் நீக்கப்பட்டுவிட்டன. புகார் கொடுத்தவர் நர்சரிக்காரர். மூன்று புகார் சேர்ந்தால் சேனலையே மூடிவிடுவார்களாம், அதற்கு ஒரு வாரம் கெடு. மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் வந்தது பயம்தான். என்னவோ திருடி அகப்பட்டதைப் போல முகமெல்லாம் சுட்டது. இரண்டாவது வீடியோவின் பெயரை மறுபடி வாசித்தபோதுதான் கோபம் வந்தது. அதில் அவருடையது என்று ஒரு நொடிகூடக் கிடையாதே!

வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, "விட்ரு புள்ள. அவுக செல்வாக்கு உள்ளவுக. நமக்கு எதுக்கு வம்பு?" என்றார்.

"நம்ம வாழைய நம்ம போன்ல எடுத்துருக்கோம். அது எப்படிங்க அவுக சொத்தாகும்?"

"ஆகாதுதான். அதுக்காக மல்லுக்கு நிக்க முடியுமா?"

"நின்னு பாக்குறேன்" என்றேன்.

மறுநாள் உத்தமபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கே தெரிந்த வக்கீலம்மா ஒருவர் இருக்கிறார். மெயில்களைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"விமர்சனம் பண்றதுக்காக அடுத்தவங்க படைப்புல ஒரு துண்டு எடுத்துக் காட்டலாம், சட்டத்துலயே எடம் இருக்கு. ரெண்டாவது வீடியோவுக்குக் குடுத்தது அப்பட்டமான பொய்ப் புகார். இந்த ஒரு வாரத்துக்குள்ள மறுப்பு எழுதிப் போடுங்க, முடிவு தெரியுற வரைக்கும் சேனல மூட மாட்டாங்க. பத்து வேலை நாளுக்குள்ள அவர் கோர்ட்டுக்குப் போகலேன்னா வீடியோ திரும்ப வந்துரும்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா மறுப்புல ஒங்க பேரு, வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் குடுக்கணும். அது அப்படியே அவர் கைக்குப் போகும். யோசிச்சுக்கங்க" என்றார்.

 பொய்ப் புகார் கொடுக்க நர்சரிக்காரருக்கு ஐந்து நிமிஷம் போதும். மறுக்க வேண்டிய நான் என் வீட்டு வாசலையே திறந்து காட்ட வேண்டும். இதில் பாதிப் பேர் பேசாமல் போய்விடுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அதனாலேயே நான் அப்படிப் பேசாமல் போகக்கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்தேன்.

வீட்டுக்கு வந்து படிவத்தை நிரப்பினேன். முதல் வீடியோவுக்கு ஒன்று, இரண்டாவதற்கு ஒன்று. மூன்றாவதற்கு வந்தபோது கை நின்றுவிட்டது. சொல்வதெல்லாம் உண்மை என்று உறுதி கொடுத்துக் கையெழுத்திட வேண்டும். அந்த வீடியோவில் நோய் பிடித்த இலை ஒன்றின் போட்டோ வைத்திருந்தேன். நர்சரிக்காரருடையது அல்ல, குமுளிப் பக்கத்து மலையாளி விவசாயி ஒருவருடையது. இணையத்தில் கிடைத்தது, நன்றாக இருந்தது, எடுத்துக்கொண்டேன். ஓரத்தில் இருந்த அவர் பெயரையும் வெட்டிவிட்டேன். அந்தப் புகார் பொய்தான், ஆனால் வீடியோவும் சுத்தம் இல்லை.

அந்த விவசாயியின் இணையப் பக்கத்தில் நம்பர் இருந்தது. கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த வீடியோவை முன்னாடியே கண்டேன் சேச்சி. அது எண்டெ போட்டோதான்" என்றார். "மழையில நனைஞ்சு நின்னு எடுத்தது. கேட்டா தந்திருப்பேனே. பேரை எதுக்கு வெட்டினீங்க?"

 "தப்புதான்" என்றேன். அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. இனி போட்டால் பேர் போட்டுப் போடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவதற்கு மறுப்பு அனுப்பவில்லை. அந்தப் புகார் என் சேனல் மேல் அப்படியே கிடந்தது. மற்ற இரண்டையும் அனுப்பினேன். முகவரியில் கதவு எண்கூட விடாமல் எழுதினேன்.

நாலாம் நாள் சாயங்காலம் நர்சரிக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். கூட இரண்டு பேர். வாசலில் நின்றபடி, "என்னத்தா, பெரிய ஆளாயிட்டியாக்கும்?" என்றார்.

"உள்ள வாங்கண்ணே, ஒக்காந்து பேசலாம்."

"பேச ஒண்ணுமில்ல. வேற கன்னு எறக்கித் தாரேன். அந்த மறுப்பத் திரும்ப எடுத்துரு. இல்லேன்னா கோர்ட்டுல பாத்துக்குவோம்."

பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.  ஆனாலும் வாசலை விட்டு நகரவில்லை.

"போங்கண்ணே, கேஸ் போடுங்க. நானும் வாரேன். என் தோட்டத்துல நான் நடந்து எடுத்த வீடியோ ஒங்களுது எப்படி ஆச்சுன்னு அங்கன சொல்லுங்க. அந்த மூணு தோட்டத்துக் கன்னையும் நான் கொண்டாந்து வைக்கேன்."

உள்ளேயிருந்து வீட்டுக்காரர் வந்து என் பக்கத்தில் நின்றார். விட்டுவிடு என்று சொன்ன அதே மனுஷர்தான். "அவ சொன்னதுதாண்ணே எனக்கும்" என்றார்.  வந்த மூன்று பேரும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

நர்சரிக்காரர் கோர்ட்டுக்குப் போகவில்லை. பத்து வேலை நாள் முடிந்ததும் இரண்டு வீடியோக்களும் திரும்ப வந்தன. ஒரே ஒரு புகார்தான் மிச்சம் என்பதால் சேனலும் பிழைத்தது. மூன்றாவதைப் புதிதாக எடுத்தேன். நோய் பிடித்த இலைக்கா எங்கள் வயலில் பஞ்சம்? குமுளிக்காரர் போட்டோவையும், இந்த முறை கேட்டு வாங்கி, அவர் பெயரோடு சேர்த்தேன். அதைப் பார்த்துவிட்டு, கோடுகளைப் பற்றி நான் சொன்னதில் ஒரு பிழை இருப்பதாகக் கீழே எழுதினார். சரிதான். திருத்திக்கொண்டேன்.

வாழை எல்லாவற்றையும் பிடுங்கி எரித்தோம். அந்த நஷ்டத்தை எந்த வீடியோவும் திருப்பித் தரவில்லை. நர்சரியும் மூடவில்லை, இன்றும் நடக்கிறது. ஆனால் கன்று வாங்கப் போகிறவர்கள் இப்போது எனக்குப் போன் செய்கிறார்கள். நான் வேறெதுவும் பேசுவதில்லை, அந்த இரண்டு வீடியோக்களின் லிங்கை அனுப்பிவிடுவேன்.

போன மாதம் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் அவரை நேருக்கு நேர் பார்க்க நேர்ந்தது. நான் ஒதுங்கவில்லை. அவர்தான் நின்று, "இன்னுமா அத எடுக்கல?" என்றார்.

"எடுக்க மாட்டேண்ணே" என்று சொல்லிவிட்டு என் பஸ்ஸைப் பார்த்து நடந்தேன்.